நூல் பிடித்த வண்டி

"வண்டி இடது பக்கம் இழுக்குதுங்க, டீச்சர்," என்றார் மோகனரங்கம்.

"எப்ப இருந்துங்க?"

"ஸ்பிரிங் மாத்துனதுல இருந்து. நாலு சென்டிமீட்டர் இறக்கியிருக்கேன்."

"யாரு மாத்துனது?"

"நானேதானுங்க."

தில்ஷாத் டீச்சர் வண்டியைப் பார்க்கவில்லை. வந்தவரைப் பார்த்தார்.

"எதுக்கு இறக்குனீங்க?"

மோகனரங்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, போன தை மாதம்தான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார். டீச்சருக்கு முப்பத்து நாலு. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறவர்.

போத்தனூரில் டீச்சர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தளம் உண்டு. ரசமட்டம் வைத்து அவரே நின்று போட வைத்தது. ஒரு கோலிக்குண்டை அதன் எந்த மூலையில் வைத்தாலும் உருளாது. மலைப்பாதைக் கார்ப் பந்தயங்களுக்குப் போகிறவர்கள் சக்கரம் நேராக்க அங்கேதான் வருவார்கள்.

ஆனால் டீச்சர் யார் வண்டியையும் தொட மாட்டார். வந்தவர்களைத்தான் வேலை வாங்குவார்.

எதற்கு இறக்கினீர்கள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்க்கும் கடையில், "வண்டி ரொம்பத் தாழ்வா இருக்கு சார், மேடையில ஏறாது" என்றார்கள். இன்னொரு கடையில், "பழைய ஸ்பிரிங்கையே போட்டுட்டு வாங்க" என்றார்கள். வீட்டில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஏறும்போது மட்டும், "குழிக்குள்ள இறங்குற மாதிரி இருக்கு" என்றார்.

இப்போது கேட்டதும் மோகனரங்கத்துக்கு முகமே மாறிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால இந்த வண்டி இப்படித்தானுங்க நின்னுச்சு. தரையோட தரையா. நானும் என் சிநேகிதன் அருமைநாதனும் ஒண்ணாப் பந்தயத்துக்குப் போவோம். நான் ஓட்டுவேன். அவன் பக்கத்துல உக்காந்து வழி சொல்லுவான்."

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிணத்துக்கடவு தாண்டறப்பத்தான் பொழுது விடியும். ஆளுக்கு ஒரு பன்னு, ஒரு டீ. அவன் மடியில நோட்டு இருக்கும். 'நூறு, வலது மூணு, ஓரத்துல கல்லு'ன்னு சொல்லிக்கிட்டே வருவான். நூறு மீட்டர்ல வலது வளைவு, கூர்மையில மூணாம் நம்பர், ஓரத்துல கல்லு இருக்குன்னு அர்த்தம். நான் ரோட்டையே பாக்க வேண்டியதில்லீங்க. அவன் குரலைக் கேட்டா ரோடு தெரியும்."

"இப்ப எதுக்குங்க?"

"அதே ஸ்பிரிங் பரண்ல இருந்துச்சு. லுங்கியில சுத்தி வெச்சிருந்தேன். ஓய்வு வாங்குன மறுவாரம் எடுத்துப் பாத்தேன். அந்த ஓட்டம் ஒரே ஒரு தடவை திரும்ப வேணும்னு தோணுச்சுங்க."

"அந்த வருஷம் வண்டி நேராப் போச்சுங்களா?"

"அம்பு மாதிரி போச்சுங்க."

டீச்சர் உள்ளே போய் ஒரு உருளையில் சுற்றிய தூண்டில் நரம்பும், நாலு இரும்பு ஸ்டாண்டும், ஒரு ஸ்டீல் ஸ்கேலும் கொண்டுவந்து தளத்தின் மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. நேரா இருக்கற நூல் பக்கத்துல வெச்சுப் பாத்தா, சக்கரம் எவ்வளவு கோணல்னு தெரிஞ்சுரும். வேற வித்தை இல்லீங்க."

"நீங்க பண்ணித் தர மாட்டீங்களா?"

"ஓட்டப் போறது நீங்கதானுங்களே?"

*

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மோகனரங்கம் வந்துவிட்டார்.

வண்டியைத் தளத்தின் நடுவில் நிறுத்தினார். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, அசையாதபடி ஒரு கயிற்றால் கட்டினார். பிறகு வண்டியின் இடது பக்கம் ஸ்டாண்டுகளை நட்டு, சக்கரத்தின் நடு உயரத்துக்கு நரம்பை இழுத்தார். முன் டயரையும் பின் டயரையும் தொட்டுக்கொண்டு நரம்பு விறைப்பாக நின்றது. வலது பக்கமும் அப்படியே.

பார்க்க அழகாக இருந்தது. டீச்சரைக் கூப்பிட்டார்.

டீச்சர் கையில் பல் விளக்கும் பிரஷ்ஷோடு வந்தார்.

"எந்தச் சக்கரம் கோணல்னு சந்தேகப்படறீங்க?"

"முன் சக்கரமுங்க."

"நூல் எதைத் தொட்டுக்கிட்டு நிக்குது?"

மோகனரங்கம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது காது மடல் சிவந்திருந்தது.

டீச்சர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

மோகனரங்கம் நரம்பை அவிழ்த்தார். இந்த முறை டயரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டினார். எதை வைத்து நேர் பார்ப்பது? வண்டியின் உடம்பு இருக்கிறதே. கதவின் முன் ஓரத்திலிருந்து நரம்பு எவ்வளவு தூரம், பின் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று ஸ்கேலால் அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை ஸ்டாண்டுகளை நகர்த்தினார். முக்கால் மணி நேரம் ஆனது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மறுபடியும் கூப்பிட்டார்.

டீச்சர் இடது பக்கக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். பின் ஓரத்தில் கை நின்றது.

"இது மாத்துன கதவுங்களா?"



"ஆமாங்க."

"கதவுத் தூணையும் தட்டி எடுத்திருக்காங்க."

"ஆமாங்க. ஒரு தடவை அடிபட்டுருச்சு."

"அடிபட்ட பக்கத்தை வெச்சு நேர் பாக்க முடியாதுங்க."

சொல்லிவிட்டு டீச்சர் அங்கேயே, தளத்தின் ஓரத்தில், உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகவில்லை. மோகனரங்கத்துக்கு, சொல்லித்தான் ஆக வேண்டும் போல் இருந்தது.

"அதுதான் எங்க கடைசிப் பந்தயமுங்க. வால்பாறைக்கு மேல, தேயிலைத் தோட்டத்து ரோடு. வலது வளைவு ஒண்ணு. அருமைநாதன் அதை லேட்டாச் சொல்லிட்டான். நான் பிரேக் போட்டேன். வண்டி திரும்பல. இடது பக்கமா ரோட்டை விட்டு இறங்கிருச்சு. தேயிலைச் செடியில உருண்டு, ஒரு சில்வர் ஓக் மரத்துல போய் நின்னுச்சு. அவன் உக்காந்திருந்த பக்கம்."

"அவருக்கு?"

"தொடை எலும்பு. ரெண்டு ஆபரேஷன். இன்னிக்கும் காலை இழுத்துத்தான் நடக்கறான்."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலீங்க." மோகனரங்கம் ஸ்கேலைத் துடைத்தார். "லேட்டாச் சொன்னேன்னு பந்தயக்காரங்ககிட்ட அவனே எழுதிக் குடுத்துட்டான். அதுக்கப்புறம் யாரும் அவனைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கல. நானும் விட்டுட்டேன். இப்ப பொள்ளாச்சியில, பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருக்கான். எந்த பஸ் எப்ப கிளம்பணும்னு விசில் ஊதறது."

"பாக்கறதுண்டுங்களா?"

"கல்யாணம் காட்சின்னா. 'நல்லா இருக்கியா?' 'இருக்கேன்.' அவ்வளவுதானுங்க." ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல மனுஷன். அந்த ஒரு தப்புதான். நான் அதை அப்பவே மன்னிச்சுட்டேன்."

டீச்சர் எழுந்து நின்றார். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"நாலு சக்கரத்துக்கும் நடு மையம் இருக்குங்க. அது அடிபட்டு மாறல. முன் சக்கரம் ரெண்டுக்கும் மையத்துல இருந்து நூல் ஒரே தூரம். பின் சக்கரம் ரெண்டுக்கும் ஒரே தூரம். அப்படிக் கட்டுங்க."

*

மூன்றாவது தடவை கட்டி முடிக்கப் பத்து மணி ஆயிற்று.

முன் சக்கரங்களுக்குக் கீழே இரண்டிரண்டு தரை ஓடுகளை வைத்து, நடுவில் கிரீஸ் தடவச் சொன்னார் டீச்சர். அப்போதுதான் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் தன் இஷ்டப்படி நிற்கும். ஓட்டுகிறவர் எடைக்கு, ஓட்டுகிற இருக்கையில் இரண்டு மணல் மூட்டைகளைத் தூக்கி வைத்தார் மோகனரங்கம்.

"பக்கத்து சீட்டுக்கும் வைக்கணுங்களா?"

"யாராவது வருவாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வேண்டாங்க."

மோகனரங்கம் முழங்கால் போட்டு உட்கார்ந்து, இடது முன் சக்கரத்தின் முன் விளிம்பிலிருந்து நரம்புக்கு அளந்தார். பின் விளிம்பிலிருந்து அளந்தார். கழித்தார். ஏழு மில்லிமீட்டர். வலது சக்கரம் நாலு.

"ரெண்டும் முன்பக்கம் விரிஞ்சிருக்குங்க, டீச்சர். வாத்துப் பாதம் மாதிரி."

"மொத்தம்?"

"பதினொண்ணு."

"எவ்வளவு இருக்கலாம்?"

"ஒண்ணு. மிஞ்சிப் போனா ரெண்டு."

நட்டுத் திருகும் சாவியை எடுக்கப் போனார். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு கம்பியில் லாக் நட்டைத் தளர்த்தித் திருகினால் சக்கரம் உள்ளே திரும்பும். அது அவருக்கே தெரியும். கை பரபரத்தது.

"இருங்க," என்றார் டீச்சர். "முதல்ல இருக்கறதை எழுதுங்க."

ஒரு சாக்குக்கட்டி கொடுத்தார். மோகனரங்கம் தளத்தில், வண்டியின் மூக்குக்கு முன்னால், 11 என்று எழுதினார்.

"நீங்க டை ராடு நட்டைத் தொட்டீங்களா?"

"ஸ்பிரிங்கை மட்டுந்தானுங்க மாத்துனேன். நட்டுப் பக்கமே போகல."

"அப்ப இந்தப் பதினொண்ணு எங்கிருந்து வந்துச்சு?"

மோகனரங்கம் யோசித்தார். பழைய வண்டி. ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். யாராவது எப்போதாவது திருகியிருக்கலாம்.

டீச்சர் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் எதையாவது தானே செய்தது அன்று அதுதான் முதல் தடவை. வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் வைத்து மெல்ல மெல்ல அடித்தார். சக்கரங்கள் ஓடுகளின் மேல் நின்றபடியே இருக்க, உடம்பு மட்டும் உயர்ந்தது. நாலு சென்டிமீட்டர் ஆனதும் நிறுத்தினார். கம்பெனி ஸ்பிரிங்கில் வண்டி நிற்கும் உயரம் அது.

"இப்ப அளங்க."

அளந்தார். இடது, ஒன்று. வலது, சைபர். நம்பாமல் மறுபடியும் அளந்தார்.

"ஒண்ணுங்க."

டீச்சர் ஜாக்கியைத் தளர்த்தினார். வண்டி பெருமூச்சு விட்டதுபோல் இறங்கியது. இறங்க இறங்க முன் சக்கரங்கள் இரண்டும் ஓடுகளின் மேல் தாமாகவே வெளியே திரும்பின. மோகனரங்கம் அதைக் கண்ணால் பார்த்தார்.

"அளங்க."

"வேண்டாங்க. தெரியுது."

"அளங்க."

பதினொன்று.

"நட்டை யாரும் தொட்டிருக்க வேண்டியதே இல்லீங்க," என்றார் டீச்சர். "உடம்பை இறக்குனா டை ராடு சாய்மானம் மாறும். சக்கரத்தைப் பிடிச்சுத் தள்ளும். இறக்கறதே திருகற மாதிரிதான்."

"இப்படி விரிஞ்சா வண்டி என்ன பண்ணுங்க?"

"சும்மா போறப்ப லேசா இழுக்கும். ரோடு இடது பக்கம் சரிஞ்சிருந்தா இடது பக்கம். பெரிசா ஒண்ணும் தெரியாது."

"பிரேக் போட்டா?"

டீச்சர் முன் சக்கரத்தைக் கையால் காட்டினார்.

மோகனரங்கம் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். தளத்தில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன் சக்கரம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

அந்தப் பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. பொள்ளாச்சியில் அருமைநாதன் வீட்டு வாசல். புங்க மரத்து நிழல். அந்த ஸ்பிரிங் பார்சல் அன்றைக்குத்தான் வந்திருந்தது. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் படுத்து மாட்டினார்கள். அருமைநாதனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அவன் மனைவி ரெஜினா இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் ஆறிப்போயின. வேலை முடிந்து வண்டியைக் கீழே இறக்கியபோது, அது தரையோடு ஒட்டி நின்ற அழகைப் பார்த்து மூன்று பேரும் கை தட்டினார்கள். கையெல்லாம் கிரீஸ். அருமைநாதன் அந்தக் கிரீஸோடு ரெஜினாவின் மூக்கைத் தொட்டான். அவள் கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

எத்தனை நல்ல சாயங்காலம். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாயங்காலத்தைத்தான் அவர் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு வாங்கியதும் பரணில் ஏறியதும் அதற்காகத்தான்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது.

அருமைநாதன் சொன்னான்: "ரங்கா, வீல் ஒரு தடவை பாத்துரலாமா? உடுமலை ரோட்டுல ஒரு கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும்."

மோகனரங்கம் வண்டியை எடுத்துத் தெருமுனை வரை போய்விட்டு வந்தார். கை லேசாக இழுத்தது.

"பக்காவா இருக்குடா," என்று சொன்னார். "கண்ணுலயே தெரியுது பாரு. அம்பு மாதிரி போகுது."

தளத்தில் வெயில் ஏறிவிட்டது. டீச்சர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"லேசா இழுத்துச்சுங்க," என்றார் மோகனரங்கம்.

டீச்சர் நின்றார்.

"அன்னிக்கு. எனக்குத் தெரிஞ்சுச்சு. ரோட்டுச் சரிவுன்னு விட்டுட்டேன்."

"ம்."

"வளைவுல பிரேக் போட்டேன். இடது பக்கம் பிடுங்கிக்கிட்டுப் போச்சு. ஆஸ்பத்திரியில எல்லாரும் வந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. அவன் மயக்கத்துல இருந்தான். லேட்டாச் சொல்லிட்டான்னு நான்தான் சொன்னேன். வேணும்னு சொல்லலீங்க. அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்புறம் அப்படித்தான்னு ஆயிருச்சு."

தண்ணீரைக் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது.

"ரிப்பேர் பண்ணி வந்தப்ப கம்பெனி ஸ்பிரிங் போட்டுக் குடுத்தாங்க. வண்டி நேராப் போச்சு. அதனால எனக்குச் சந்தேகமே வரல. பாருங்க, நம்ம வண்டி நேராத்தான் போகுதுன்னு நானே நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன்."

டீச்சர் கருவிப் பெட்டியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினார்.

"பதினேழாம் நம்பர் சாவிங்க."

*

திருத்துவது அளப்பதைவிடச் சுலபமாக இருந்தது. ஆனால் நேரம் பிடித்தது.

லாக் நட்டைத் தளர்த்துவார். டை ராடைக் கால் சுற்றுத் திருகுவார். நட்டை இறுக்குவார். வண்டியை ஒரு முழுச் சுற்று பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, மூக்கைப் பிடித்து இரண்டு தடவை அமுக்கி விடுவார். அப்புறம் அளப்பார். இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. ஒரு பக்கம் அதிகமாகிவிட்டால் பாதி திருப்பி எடுப்பார்.

மதியம் டீச்சர் வீட்டில் புளிச்சோறு கொடுத்தார்கள். வாழையிலையை மடித்துவிட்டு மறுபடியும் அடியில் போய்ப் படுத்தார்.

மூன்று மணிக்கு, இடது அரை மில்லிமீட்டர், வலது அரை மில்லிமீட்டர் என்று வந்தது.

"டீச்சர், சரியாயிருச்சுங்களா?"

"ஓட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"எவ்வளவு தூரம் ஓட்டணுங்க?"

"அவரு எங்க இருக்காருன்னு சொன்னீங்க?"

"யாரு, அருமைநாதனா? பொள்ளாச்சியிலங்க."

"அவ்வளவு தூரம் போதுமுங்க."

டீச்சர் நரம்பை உருளையில் சுற்ற ஆரம்பித்தார்.

*

கிணத்துக்கடவு தாண்டியதும் சாலை நேராக நீண்டது. மோகனரங்கம் ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார்.

வண்டி இம்மியும் விலகாமல் போனது.

இதற்காகத்தான் இத்தனை மாதம் ஆசைப்பட்டார். தரையோடு தாழ்ந்து, தென்னந்தோப்புகள் இரண்டு பக்கமும் ஓட, அந்தப் பழைய ஓட்டம். என்ஜின் சத்தம்கூட அதேதான். பக்கத்து சீட்டு மட்டும் காலியாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வழியில் இரண்டு இடத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார். இன்னொரு இடத்தில், இளநீர்க் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தியே விட்டார். இளநீர் குடித்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அது நீளமாக இருந்தது. பாதி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வார்த்தையாக இருந்தது. அந்தப் பாதியை விட்டுவிட்டார்.

அருமைநாதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டியிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வண்டி நின்றதும் முதலில் வண்டியைத்தான் பார்த்தார்.

"இறக்கியிருக்கே," என்றார்.

"அதே ஸ்பிரிங்குடா."

"வா. உக்காரு."

மோகனரங்கம் உட்காரவில்லை.

"அருமை, அன்னிக்கு நீ லேட்டாச் சொல்லல."

அருமைநாதன் அவரையே பார்த்தார்.

"வண்டியை இறக்குனதுல சக்கரம் விரிஞ்சு போயிருந்திருக்கு. இன்னிக்கு நூல் கட்டி அளந்தேன். பிரேக் போட்டதும் அதுதான் இழுத்துக்கிட்டுப் போச்சு. நீ சொன்னே, வீல் பாத்துரலாம்னு. இழுக்குதுன்னு எனக்குத் தெரியும். இருந்தும் நல்லா இருக்குன்னு சொன்னேன். அப்புறம் உன் தலையில போட்டேன்."

ஒரு பஸ் போனது. அருமைநாதன் முகத்தில் படிந்த தூசியைக் கையால் துடைத்தார்.

"எவ்வளவு?"

"பதினொரு எம்.எம்."

அருமைநாதன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த அளவுக்கு விரித்தார். நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேட்டாச் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டேனே," என்றார்.

"நான் சொன்னதுனால போட்டே. என்னைக் காப்பாத்தறதுக்கு."

"இல்ல ரங்கா. நீ சொன்னதுனால நம்பினேன்."

மோகனரங்கம் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஞாபகமே இல்ல," என்றார் அருமைநாதன். "அந்த வளைவு வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லித்தான் தெரியும். ரங்கா பொய் சொல்ல மாட்டான்னு நெனச்சேன். அதுல இருந்து நான் யாரு வண்டியிலயும் முன்னால உக்காரறதில்ல. என் பையன் கார் வாங்குனான். அதுலயும் பின்னாலதான். முன்னால உக்காந்தா, எங்கயாவது லேட்டாச் சொல்லிருவேனோன்னு பயமா இருக்கும்."

"என்னைத் திட்டுடா."

"திட்டலாம். அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

அருமைநாதன் முக்காலியிலிருந்து காலை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார். குரல் தாழ்ந்தது.

"என்கிட்ட சொல்லிட்டே. சரி. ஆனா ரெஜினா இருக்கா பாரு. அவ கடவுள்கிட்டக்கூடச் சண்டை போட்டிருக்கா. 'ஒரு வார்த்தையைச் சீக்கிரமாச் சொல்லியிருந்தா இந்தக் கால் நல்லா இருந்திருக்குமே'ன்னு எத்தனை வருஷம் அழுதிருக்கா தெரியுமா? என் மேலதான் கோபம். இன்னிக்கும் அது போகல."

மோகனரங்கம் எழுந்தார். செருப்பைக் கழற்றினார்.

கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காலடிச் சத்தம் கேட்டு அது நின்றது.

"யாருங்க அது?" என்று ரெஜினாவின் குரல் கேட்டது.



"நான்தானுங்க," என்றார் மோகனரங்கம்.